டி டிரைவ் இல்லாத சிஸ்டம்

ஏன் அந்த வேலைய விட்டீங்கன்னு கேட்டீங்க பாருங்க மேடம், இத என்னை மரியாதையா உக்கார வெச்சுக் கேட்ட முதல் ஆள் நீங்கதான். வீட்லயும் கேட்டாங்க. அது கேள்வி இல்ல, திட்டு. சொந்தக்காரங்க கேட்டாங்க. அவங்களுக்கு அது வேடிக்கை. நீங்க கேக்கறது வேற. அதனால முழுசா சொல்றேன். உள்ள போயிருக்கிற தம்பி என் பென்டிரைவ சொருகி, நான் பண்ணிக் கொண்டாந்த டெஸ்ட் ப்ராஜெக்ட்ட ஓட்டிப் பாக்க எப்படியும் கொஞ்ச நேரம் ஆகும்ல. அதுக்குள்ள முடிச்சுடறேன். தண்ணியெல்லாம் வேண்டாம், இருக்கட்டும்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். நானாத்தான் விட்டேன். என்னை யாரும் அனுப்பல. எழுதிக்கறதா இருந்தா இத எழுதிக்கங்க.

தில்லைநகர்ல மாடியில ஒரு சின்ன கம்பெனி. வெப்சைட் பண்ணிக் கொடுக்கறது. முதலாளி வேதநாயகம் சார். நல்ல மனுஷன், ஆனா காது ரெண்டும் அடுத்தவங்க வாய்க்குப் பக்கத்துலயே இருக்கும். அவர் கம்பெனி ஆரம்பிச்சப்ப ஒரே ஒரு மேசை, அதுமேல ஒரே ஒரு சிஸ்டம், அதுக்கு முன்னாடி நான். தியாகேசன். வேற ஈ காக்கா கிடையாது. அப்பறம் ஆள் வந்தாங்க, போனாங்க, மேசை பெருகிச்சு, ஏசி வந்துச்சு. என் சிஸ்டம் மட்டும் அதே எடத்துல. ஆயுத பூஜைக்கு முதல் பொட்டு என் சிஸ்டத்துக்குத்தான் வைக்கணும். வேதநாயகம் சார் சர்ச்சுக்குப் போறவரு, ஆனா அந்தப் பொட்ட வைக்க விடுவாரு. அப்படி இருந்த எடம் மேடம் அது.

உங்களுக்கு ப்ரோக்ராம் தெரியாதுன்னு சொன்னீங்க. தெரியாதுன்னு ஒத்துக்கறதே பெரிய விஷயம். தெரிஞ்ச மாதிரி பேசறவங்களப் பாத்துப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. புரியறாப்ல சொல்றேன். வெப்சைட் பண்றப்ப எல்லாத்தையும் ஒவ்வொரு தடவையும் புதுசா எழுதிக்கிட்டு இருக்க மாட்டோம். அடிக்கடி வேண்டியத ஒரு தடவை எழுதி ஒரு ஃபைல்ல கட்டி வெச்சுக்குவோம். அதுக்குப் பேரு அசெம்ப்ளி. சாம்பார் பொடி டப்பான்னு வெச்சுக்கங்க. தினம் அரைக்கறதில்ல, டப்பாவுல இருந்து எடுத்துப் போடறோம். அந்த டப்பா எங்க இருக்குன்னு ப்ராஜெக்ட்டுக்குச் சொல்லி வைக்கணும். அப்படிச் சொல்லி வைக்கறதுதான் ரெஃபரன்ஸ். சொன்ன எடத்துல டப்பா இல்லன்னா ஒண்ணும் ஓடாது. சிவப்புல ஒரு வரி வரும். இன்னது கெடைக்கல, அசெம்ப்ளி ரெஃபரன்ஸ் எதையாவது சேர்க்க விட்டுட்டீங்களான்னு.

கேள்வியா கேக்கும் மேடம். அதான் எனக்கு ஆத்திரம். எர்ரர்னா எர்ரர்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே. விட்டுட்டீங்களாங்கறது என்ன கேள்வி? நான் என்னத்த விட்டேன்?

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க கம்பெனியில அந்த டப்பா யாருதுன்னு நெனைக்கிறீங்க? என்னுது. நான் எழுதினது. பேரே என் பேருதான் வெச்சிருந்தேன், தியாகேசன் கோர்னு. கோர்னா உயிர்நாடி மாதிரி. ரூபாய்க்கு எங்க எங்க கமா போடணும், ஃபோன் நம்பர் சரியா இருக்கா, இந்தத் தேதிக்குத் தமிழ் மாசத்துல என்ன தேதி, எல்லாம் அதுல இருக்கும். கம்பெனியில செஞ்ச ஒவ்வொரு சைட்டுக்குள்ளயும் அது ஓடுச்சு. எங்க இருந்துச்சு? என் சிஸ்டத்துல, டி டிரைவ்ல, அலமாரியில ரெண்டாவது தட்டுன்னு வெச்சுக்கங்க, அங்க தியாகேசன்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள. வேற எங்க இருக்கணும்?

மத்தவங்க சிஸ்டத்துல ப்ராஜெக்ட்டத் திறந்தா சிவப்பு வரி வரும். வரத்தான் செய்யும். வந்ததும் கூப்பிடுவாங்க. "தியாகு சார், ரெஃபரன்ஸ் மிஸ்ஸிங்னு வருது, கொஞ்சம் வர்றீங்களா." போவேன். பென்டிரைவ் எப்பவும் சட்டைப் பையில இருக்கும். "எழுந்திரிங்க"ம்பேன். எழுந்து நிப்பாங்க. உக்காருவேன், சொருகுவேன், ரெண்டு தட்டு, ஓடும். "எப்படி சார்"னு கேப்பாங்க. "அதெல்லாம் அனுபவம்"னு சொல்லிட்டு வந்துடுவேன். வழியச் சொல்லிக் கொடுத்தா அவங்களே பண்ணிக்குவாங்க, அப்பறம் எனக்கு எதுக்கு, இல்ல இல்ல, அப்படி எடுத்துக்காதீங்க. பாதுகாப்புக்காகச் சொல்றேன். பல கை பட்டா பொருள் கெட்டுடும். அதுக்குத்தான்.

ஒரு நாள்ல எத்தன தடவை கூப்பிடுவாங்கன்னு கணக்கே கிடையாது. சோறு சாப்பிட விட மாட்டாங்க. கை கழுவிட்டு வந்து உக்காந்தா அந்த மூலையில இருந்து ஒருத்தன், "சார்". எரிச்சலா இருக்கும். இப்ப நெனச்சாலும் எரிச்சலாத்தான் இருக்கு. ஆனா அது ஒரு மரியாதை மேடம்.

அதுல வந்து சேர்ந்தா நஸ்ரின்னு ஒரு பொண்ணு. பாலக்கரைப் பொண்ணு. வேலையில கெட்டி, அத நான் இல்லங்கல. வாயும் கெட்டி. வந்த முதல் வாரமே சிவப்பு வரி வந்துச்சு, கூப்பிட்டா. போனேன். எழுந்திரிம்மான்னேன். அவ எழுந்திரிக்கல. "நீங்க சொல்லுங்க சார், நான் பண்றேன். அடுத்த தடவை உங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம் பாருங்க." சிரிச்சுக்கிட்டே சொல்றா. நான் நின்னுக்கிட்டே இருக்கேன், அவ உக்காந்துக்கிட்டே இருக்கா. கடைசியில குனிஞ்சு, அவ தோளுக்கு மேல கைய நீட்டிக்கிட்டு பென்டிரைவ சொருகினேன். அவ அப்படியே கண்ணக் கொட்டாம பாத்தா. எந்த ஃபைலு, எங்க போகுது, என்ன பண்றேன், எல்லாத்தையும்.

அடுத்த வாரம் பாருங்க, ஆபீஸ்ல எல்லார் சிஸ்டத்துக்கும் பொதுவா ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல என் ஃபைலோட ஒரு காப்பி. எல்லா ப்ராஜெக்ட்டும் அந்த ஃபோல்டர்லயே தேடற மாதிரி மாத்தி வெச்சுட்டா. யாரு எந்த சிஸ்டத்துல திறந்தாலும் ஓடுது. சிவப்பே இல்ல. வேதநாயகம் சார் எல்லார் முன்னாடியும் கை தட்டுறாரு. அவ எங்கிட்ட வந்து, "சார், இனிமே நிம்மதியா சாப்பிடலாம்"ங்கறா.

சாப்பிட்டேன். நிம்மதியாத்தான் சாப்பிட்டேன். யாரும் கூப்பிடல. மூணு மாசம், நாலு மாசம், ஒரு ஆள் என் சீட்டுப் பக்கம் வரல. டீ குடிக்கக் கூப்பிட வருவாங்க, அவ்ளோதான். எதுக்குச் சொல்றேன்னா, ஒரு பொருளுக்குச் சொந்தக்காரன்னு ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கான், அவன் ஒரு வார்த்தை கேக்காம அதத் தூக்கி நடுத்தெருவுல வைக்கலாமா? நீங்க சொல்லுங்க. இல்ல, சொல்ல வேண்டாம், உங்க வேலை கேக்கறது.

அந்த நேரத்துல வந்துச்சு மண்டப வேலை. முத்துக்கருப்பன்னு ஒருத்தரு, உறையூர்லயும் துவாக்குடியிலயும் மணச்சநல்லூர்லயும் கல்யாண மண்டபம் வெச்சிருக்காரு. மூணு மண்டபத்துக்கும் புக்கிங் அவர் தலைக்குள்ளயே. அதுல ஒரு வைகாசி மாசம், ஒரே முகூர்த்தத்துக்கு ஒரே மண்டபத்துல ரெண்டு கல்யாணம் வந்து நின்னுருச்சு. ரெண்டு மாப்பிள்ளை, ரெண்டு ஊர்வலம், ரெண்டு பந்திக்கு எலை வாங்கிட்டு ரெண்டு சமையல்காரங்க. அடிதடி ஆகி, போலீஸ் வந்து, அவர் மானம் போச்சு. அன்னிக்கு முடிவு பண்ணாராம், இனிமே எந்தத் தேதி காலின்னு ஊருக்கே தெரியற மாதிரி ஒரு வெப்சைட் வேணும்னு. எங்ககிட்ட வந்தாரு.

பெரிய வேலை மேடம் எங்களுக்கு. அந்த வருஷம் வேற வேலையே இல்ல. வேதநாயகம் சார் எங்களக் கூப்பிட்டு வெளிப்படையாவே சொன்னாரு. "இது நல்லபடியா முடிஞ்சா அவர் சொந்தக்காரங்க மூலமா இன்னும் நாலு வேலை வரும். இது சொதப்பினா நான் ஷட்டர இழுத்துப் பூட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான், நீங்களும்தான்." அப்படி ஒரு நெலமை. ராத்திரி பகலா செஞ்சோம். தமிழ்த் தேதி காட்டணும்னு முத்துக்கருப்பன் ஐயா புடிவாதமா கேட்டாரு. முகூர்த்தம் பாக்கறவங்களுக்கு அதானே வேணும். யாரு எழுதின ப்ரோக்ராம் அது? என் டப்பாவுல இருக்கறது.

அவருக்கு இன்னொரு கண்டிஷன். "பொருள் முழுசும் என் எடத்துல இருக்கணும் தம்பி. வேற எங்கயோ இருக்கு, இண்டர்நெட்ல மேல எங்கயோ இருக்குன்னு கதை சொல்லக் கூடாது." துவாக்குடி மண்டபத்து ஆபீஸ் ரூம்ல புதுசா ஒரு சிஸ்டம் வாங்கி வைப்பாரு, அதுலதான் எல்லாத்தையும் போட்டுக் காட்டணும், அதுவும் நல்ல நேரத்துல. ஆனி மாசம் கடைசி. அந்த நாள விட்டா ஆடி முழுக்க ஒண்ணும் தொடங்க மாட்டாரு. ஆவணிக்குள்ள சென்னைக்காரன் எவனாவது வந்து தூக்கிட்டுப் போயிடுவான். ஏற்கெனவே ஒருத்தன் வந்து பேசிட்டுப் போயிருந்தான்.

முந்தின நாள் சாயங்காலம் எல்லாரும் கெளம்பிட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. எதுக்கும் ஒரு தடவை பாத்துடுவோம்னு, பொதுவுல இருந்த ப்ராஜெக்ட்ட என் சிஸ்டத்துல திறந்தேன். பாக்கறேன், என் ஃபைலு எங்க இருந்து வருது? பொது ஃபோல்டர்ல இருந்து. எவளோ வெச்ச காப்பி. என் வீட்டு சாம்பார் பொடிய நானே பக்கத்து வீட்ல கடன் வாங்கிப் போடற மாதிரி. இவ்ளோ பெரிய விழாவுக்குப் போற பொருளு, அதுல என் ஒரிஜினல் இல்ல, ஒரு காப்பி. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அந்தப் பொது ஃபோல்டர்ல இருந்த காப்பிய அழிச்சேன். குப்பை எதுக்கு? ரெஃபரன்ஸ எடுத்து, எங்க இருக்கணுமோ அங்க மாத்தி வெச்சேன். டி டிரைவ், தியாகேசன் ஃபோல்டர். ஓட்டிப் பாத்தேன் மேடம். பாக்காம விடற ஆள் நான் இல்ல. என் சிஸ்டத்துல தேர் மாதிரி ஓடிச்சு. சேவ் பண்ணேன், நிம்மதியா வீட்டுக்குப் போயிட்டேன்.

யார்கிட்ட சொன்னீங்கன்னா கேக்கறீங்க? இதத்தான் வேதநாயகம் சாரும் கேட்டாரு. யார்கிட்ட சொல்லணும்? என் ஃபைல நான் என் எடத்துல வைக்கறதுக்கு ஊர்வலமா போகணும்?

மறுநாள் துவாக்குடி. மண்டபத்துல கல்யாணமேதான் போங்க. வாசல்ல வாழைமரம், பன்னீர் தெளிக்க ஆள், கேசரி, பொங்கல். மேடையில புது சிஸ்டத்தக் கொண்டாந்து வெச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, மல்லிப்பூ சுத்தி, பின்னாடி பெரிய வெள்ளைத் திரையில அது தெரியற மாதிரி பண்ணியிருந்தாரு. கீழ சேர் போட்டு அவரோட சாதிசனம் அத்தனையும் உக்காந்திருக்கு. நாதஸ்வரம், தவிலு ஒரு செட்டு. அவர் வீட்டு அம்மணி பட்டன அழுத்தினதும் கெட்டிமேளம்னு சொல்லி வெச்சிருக்காரு. ராகுகாலத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்துச்சு. நானும் விழாவாச்சேன்னு கரை வேட்டி, புதுச் சட்டை.

நஸ்ரின்தான் உக்காந்தா. நான் உக்கார வேண்டிய எடம், அத அப்பறம் பேசிக்கலாம். ஆபீஸ்ல இருந்த ப்ராஜெக்ட்ட இண்டர்நெட் வழியா இந்த சிஸ்டத்துக்கு இறக்கிட்டா. முத்துக்கருப்பன் ஐயா வீட்டம்மா வந்து பட்டன அழுத்தினாங்க. கெட்டிமேளம் கொட்டிச்சு. பூவெல்லாம் போட்டாங்க. திரையில சிவப்பு வரி.

மேளக்காரங்களுக்கு என்ன தெரியும், அவங்க பாட்டுக்கு வெளுத்து வாங்கறாங்க. கீழ இருந்த கெழவி ஒண்ணு, "சிவப்பா வந்திருக்கு, மங்களகரமாத்தான் இருக்கு"ங்குது. முத்துக்கருப்பன் ஐயா கண்ணாடியப் போட்டுக்கிட்டு திரைக்கிட்ட போயி எழுத்துக் கூட்டிப் படிக்கிறாரு. "இதுல தியாகேசன்னு போட்டிருக்கே. தம்பி, நீங்கதானே அது? உங்களக் காணோம்னு சொல்லுதா?" கூட்டம் பூரா சிரிக்குது. நான் மேடையில நிக்கிறேன். அந்த எடத்துல என்னைப் பாத்துக் கேக்குது மேடம் அது, எதையாவது விட்டுட்டீங்களான்னு.

நஸ்ரின் திரும்பி மெதுவாத்தான் கேட்டா. "சார், பொது ஃபோல்டர்ல வெச்சிருந்தேனே, அது எங்க?"

"நேத்து சுத்தம் பண்ணேன்."

"எதச் சுத்தம் பண்ணீங்க?"

"குப்பைய."

என்னைப் பாத்தா. அந்தப் பார்வைய இன்னமும் மறக்க முடியல எனக்கு. திட்டியிருந்தாக்கூடத் தேவல. "சரி சார். டி டிரைவ்ல தேடுது. இந்த சிஸ்டத்துல டி டிரைவே இல்ல"ன்னா.

இல்லையாம். புது சிஸ்டம், அவ்ளோ காசு போட்டு வாங்கினது, ஒரே ஒரு டிரைவ் மட்டும் வெச்சுக் கொடுத்திருக்கான் கடைக்காரன். டி டிரைவ் இல்லாத சிஸ்டத்த எவனாவது வாங்குவானா? அங்கயே கேட்டேன் முத்துக்கருப்பன் ஐயாகிட்ட, யாருங்க உங்களுக்கு இத வித்ததுன்னு. வேதநாயகம் சார் என் கையப் புடிச்சு அழுத்தினாரு. ஏன் புடிக்கணும்? நியாயத்தக் கேட்டா கையப் புடிக்கறது. எல்லா எடத்துலயும் இதேதான்.

"பென்டிரைவ் இருக்கா சார்?" அவ கேக்கறா. பென்டிரைவ் பழைய சட்டைப் பையில, சட்டை வீட்டுக் கொடியில. கல்யாணத்துக்குப் போறவன் அரிவாள்மனையத் தூக்கிட்டா போவான்? "ஆபீஸ்ல யாராவது இருந்தா உங்க சிஸ்டத்துல இருந்து அனுப்பச் சொல்லலாமே." யாரும் இல்ல, எல்லாரும் இங்க. இருந்தாலும் முடியாது, என் சிஸ்டத்துக்குப் பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும். நான் ஒரு வழி சொன்னேன். இப்பவும் சொல்றேன், அதுதான் சரியான வழி. ஆட்டோ புடிச்சுப் போயி என் சிஸ்டத்தையே இங்க தூக்கிட்டு வந்துடறேன், அதுல பட்டன அழுத்தட்டும்னேன். முத்துக்கருப்பன் ஐயா வாட்சப் பாத்தாரு. துவாக்குடியில இருந்து தில்லைநகர் போயி வர்றதுக்குள்ள ராகுகாலம் வந்துடும். "நல்ல நேரம் போச்சுன்னா எனக்கு இது வேண்டாம் வேதநாயகம்"னாரு. சத்தமா இல்ல, சாதாரணமாத்தான் சொன்னாரு. வேதநாயகம் சார் முகம் செத்துப் போச்சு.

அப்பத்தான் அவ கேட்டா. என்கிட்ட இல்ல, அவர்கிட்ட. "சார், தியாகு சார் ஃபைல மொத்தமா எடுத்துட்டுப் பாக்கட்டுமா?"

"எடு"ன்னாரு.

எடுன்னாரு மேடம். ஒரே வார்த்தை. என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. மேசையும் நாற்காலியும் தவிர வேற ஒண்ணும் இல்லாத காலத்துல இருந்து கூட இருந்தவன் பக்கத்துல நிக்கிறேன்.

எடுத்தா. நான் என்ன நெனச்சேன்னா, எடுத்ததும் ஆயிரம் எடத்துல சிவப்பு வரும், அப்பத் தெரியும் இவங்களுக்குன்னு. கைய கட்டிக்கிட்டு நின்னேன். வந்துச்சு. விரல் விட்டு எண்ணிடலாம். அவ்ளோதான் அந்தப் ப்ராஜெக்ட்ல நான் இருந்தேனாம். ரூபாய் கமாவ அவளே தட்டினா. ஃபோன் நம்பரையும் தட்டினா. தமிழ்த் தேதி வந்ததும் நிப்பான்னு பாத்தேன். அது லேசுப்பட்டது இல்ல, நான் பஞ்சாங்கத்த வெச்சுக்கிட்டு ஒரு கோடை லீவு பூரா உக்காந்து எழுதினது. அவ நெட்டுல தேடினா. எவனோ ஊர் பேர் தெரியாதவன் எழுதி, யார் வேணா எடுத்துக்கங்கன்னு போட்டு வெச்சிருக்கான். எடுத்துச் சொருகிட்டா. அந்த மாதிரி சும்மா கொடுக்கறவனுங்களாலதான் மேடம் இந்தத் தொழிலே நாசமாப் போச்சு.

அம்மணி மறுபடி அழுத்தினாங்க. ஓடிச்சு. ரெண்டாவது தடவை கெட்டிமேளம். ரெண்டு தடவை கெட்டிமேளம் கொட்டறது எந்த ஊர்லங்க நல்ல சகுனம்? ஆனா யாரும் அதக் கேக்கல. முத்துக்கருப்பன் ஐயா முதல் புக்கிங்கா தங்கச்சி பையன் கல்யாணத்தப் போட்டாரு. ஆவணி பதினொண்ணுன்னு திரையில தமிழ்லயே வந்துச்சு. எல்லாரும் கை தட்டுறாங்க. அவருக்குக் கண்ணுல தண்ணி. நஸ்ரினக் கூப்பிட்டு, வீட்டம்மா கையால ஒரு புடவை வெச்சுக் கொடுத்தாங்க. என் கையில ஒருத்தன் கேசரியக் கொண்டாந்து கொடுத்தான். பக்கத்து சேர்ல வெச்சுட்டேன்.

வேன்ல திரும்பி வர்றப்ப அவ என் பக்கத்துல வந்து உக்காந்தா. "சார், தப்பா நெனைக்காதீங்க. நல்ல ஃபைல் சார் உங்களுது. காலையில அத மறுபடி பொதுவுல வெச்சுடலாம், உள்ள எழுதினதையும் எல்லாரும் பாக்கற மாதிரி. எனக்கும் அந்தத் தமிழ்த் தேதி எப்படிப் போட்டீங்கன்னு கத்துக்கணும்"ங்கறா. எவ்ளோ நெஞ்சழுத்தம் பாருங்க. மேடையில வெச்சு மூக்க அறுத்துட்டு, வேன்ல வந்து கத்துக்கணுமாம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

திங்கக்கிழமை வேதநாயகம் சார் ரூமுக்குக் கூப்பிட்டாரு. திட்டுவாருன்னு போனேன். திட்டியிருந்தா நான் அங்கயேதான் இருந்திருப்பேன், சத்தியமா. டீ சொன்னாரு. "தியாகு, இனிமே எதுவும் ஒருத்தர் சிஸ்டத்துல மட்டும் இருக்க வேண்டாம். எல்லாம் பொதுவுல இருக்கட்டும். உங்க சிஸ்டமும் ரொம்பப் பழசாயிடுச்சு. அத ஃபார்மேட் பண்ணி ஓரமா வெச்சுட்டு, உங்களுக்குப் புதுசு ஒண்ணு வாங்கிடலாம்"னாரு.

ஃபார்மேட். அதுல இருக்கற எல்லாத்தையும் அழிக்கறது மேடம். அடிமடியிலயே கை வைக்கிறாரு, டீ வாங்கிக் கொடுத்துட்டு. அந்த சிஸ்டம் இல்லன்னா இந்தக் கம்பெனி ஏது? கேட்டேன், நேருக்கு நேரா கேட்டேன். "நான் வேணுமா, வேண்டாமா, இப்பவே சொல்லுங்க." அவர் டீ டம்ளரக் கீழ வெச்சாரு. அப்பறம், "நீங்க வேணும் தியாகு. அந்த டி டிரைவ்தான் வேண்டாம்"னாரு. ரெண்டும் ஒண்ணுதானே மேடம்? அப்படி வேற வேறன்னு எப்படிப் பிரிக்கறது? அன்னிக்கே பேப்பர எழுதிக் கொடுத்துட்டேன். வாங்கிக்கிட்டாரு. யோசிங்கன்னு ரெண்டு தடவை சொன்னாரு, மூணாவது தடவை சொல்லல.

போறப்ப என் சிஸ்டத்த என்கிட்டயே கொடுத்துட்டாரு. "நீங்களே வெச்சுக்கங்க"ன்னு. எதுக்குக் கொடுத்தாருன்னு நெனைக்கிறீங்க? மரியாதை. வேற யாருக்காவது கம்பெனி சிஸ்டத்தத் தூக்கிக் கொடுப்பாங்களா? கீழ ஆட்டோ வரைக்கும் நஸ்ரின்தான் ஒரு பக்கம் புடிச்சுக்கிட்டு வந்தா. "பாத்து சார், படி"ன்னா. இப்ப அது வீட்ல ஹால்ல, டிவி பக்கத்துல இருக்கு. என் சம்சாரத்துக்கு அதக் கண்டாலே ஆகல.

நான் என்ன கணக்குப் போட்டேன்னா, ஒரு வாரம். ஒரு வாரத்துக்குள்ள ஏதாவது ஒரு சைட்டு படுத்துடும். சிவப்பு வரி வரும். அப்ப ஃபோன் வரும், "தியாகு சார், கொஞ்சம் வர்றீங்களா"ன்னு. போறதா வேண்டாமான்னுகூட யோசிச்சு வெச்சிருந்தேன். உடனே போகக் கூடாது, ரெண்டாவது தடவை கூப்பிட்டாப் போகலாம்னு. ஃபோன ராத்திரி தலைமாட்டுலயே வெச்சுக்கிட்டுப் படுப்பேன். குளிக்கப் போனா வாசப்படியில வெச்சுட்டுப் போவேன். தீபாவளி வந்துச்சு, பொங்கல் வந்துச்சு. பொங்கலுக்கு ஆபீஸ்ல இருந்து ஒரு மெசேஜ் வந்துச்சு, எல்லாருக்கும் அனுப்பற பூப்படம்.

தினம் காலையில எழுந்ததும் அந்த மண்டப சைட்டத் திறந்து பாத்துடுவேன். திறக்குது. காலண்டர்ல தேதி கிழிச்சு, சைட்டுல வர்ற தமிழ்த் தேதிய அதோட ஒத்துப் பாப்பேன். எவனோ ஓசியில எழுதினது, ஒரு நாள் இல்ல ஒரு நாள் தப்பத்தான் போகுது. மாசப் பொறப்பு அன்னிக்கு நிச்சயம் தப்பும்னு உக்காந்து பாத்தேன். இன்னும் தப்பல. அதிர்ஷ்டம், வேற என்ன.

போன மாசம் என் மச்சினன் அவன் பொண்ணு சடங்குக்கு அந்த உறையூர் மண்டபத்த ஃபோன்லயே புக் பண்ணிட்டான். "அத்தான், சூப்பரா இருக்கு, நீங்க பண்ணதுதானே?"ன்னான். ஆமான்னேன். ஏன், நான் பண்ணாததா? என் சம்சாரம் அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தா. மறுபடி உள்ள போயிட்டா.

உங்ககிட்ட இவ்ளோ ஏன் சொல்றேன்னா, இங்க அப்படி நடக்காதுன்னு ஒரு நம்பிக்கை வருது. உங்களப் பாத்தா அனுபவத்துக்கு மதிப்புக் கொடுக்கற ஆளாத் தெரியுது. எனக்கு இந்த வேலை வேணும் மேடம். மறைக்கல. வீட்ல உக்காந்திருக்கறது ரொம்பக் கஷ்டமா இருக்கு. மதியம் சோறு போடறப்பகூட என் சம்சாரம் தட்ட வெக்கற சத்தம் மாறிப் போச்சு. அதனாலதான் நீங்க கொடுத்த டெஸ்ட் ப்ராஜெக்ட்ட அப்படிப் பாத்துப் பாத்துப் பண்ணேன். சும்மா பண்ணல, என் கோர் ஃபைலையே போட்டுப் பண்ணியிருக்கேன். தமிழ்த் தேதிகூட வரும், நீங்க கேக்கவே இல்ல, நானே சேர்த்தேன். வீட்ல பத்து தடவை ஓட்டிப் பாத்தேன். தேர் மாதிரி ஓடிச்சு.

தோ, தம்பி வந்துட்டாரு. வாங்க தம்பி. என்ன, ஓடிச்சா?

என்ன வருது?

இருங்க, இருங்க. அப்படி வராதே. நீங்க எங்க வெச்சுத் திறந்தீங்க? பென்டிரைவ்ல இருந்தது எல்லாத்தையும் எடுத்தீங்களா? அதான் அந்த ஃபோல்டர் முழுசும் போட்டிருக்கேனே. எதத் தேடுது? காட்டுங்க. சிவப்புல என்ன கேக்குது?

தம்பி, நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க சிஸ்டத்துல டி டிரைவ் இருக்கா, இல்லையா?

இல்லைங்கறீங்க. பாத்தீங்களா மேடம், இவ்ளோ பெரிய ஆபீஸ், கண்ணாடிக் கதவு, கார்டு தேச்சாத்தான் உள்ள விடறான். ஒரு டி டிரைவ் வெச்சுக்க வக்கில்ல. இதுல என் மேல என்ன தப்பு இருக்கு? என் சிஸ்டத்துல ஓடுது. ஒரு அரை மணி நேரம் கொடுங்க. ஆட்டோ புடிச்சுப் போயி சிஸ்டத்தையே தூக்கிட்டு வந்துடறேன், இங்க வெச்சு உங்க கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டறேன். பக்கம்தான் மேடம், உய்யகொண்டான் திருமலை. தம்பி வேணா கூட வரட்டும், ஒரு பக்கம் புடிச்சுக்க.

இல்ல, நீங்க எழுந்திரிக்க வேண்டாம். நான் என்ன சொல்றேன்னா.

சரி. சரிங்க. நீங்க பேசிட்டுச் சொல்லுங்க. ஃபோன் பண்றேங்கறீங்கள்ல, பண்ணுங்க. எந்த நேரமானாலும் பண்ணலாம், எப்பவும் ஆன்லதான் வெச்சிருப்பேன். நம்பர் அந்தப் பேப்பர்லயே இருக்கு மேடம். பழைய நம்பர்தான், இன்னும் மாத்தல.